ரெண்டாம் பக்கமும் என் கட்டைவிரலும்

போன மாதம் திவ்யா என்னை ஒரு கச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அதே சவுண்ட் கம்பெனியில் இப்போது அவள் இருக்கிறாள். மேடையில் ஐந்து பேர். ஐந்து பேர் காதிலும் பட்டாணி சைஸில் ஒரு ஸ்பீக்கர், பக்கத்து ஸ்டாண்டில் ஆளுக்கொரு போன். தனக்கு என்ன கேட்க வேண்டும், எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை அவரவரே போனில் ஏற்றி இறக்கிக்கொள்கிறார்கள். மேடை ஓரத்தில் நான் காலமெல்லாம் நின்ற இடத்தில் யாரோ தண்ணீர் கேனை வைத்திருந்தார்கள்.

"அங்கிள், கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?" என்றாள் திவ்யா. "இத அவங்களே பண்ணிக்கலாம்னா, அத்தன வருஷம் நீங்க ஆக்சுவலா என்னதான் பண்ணீங்க?"

கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. என் அப்பாவும் கடைசிவரை இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மாநில அரசில் குமாஸ்தா. பெங்களூர் தொம்மலூரில் வீடு, ஆபீஸில் கன்னடம், வீட்டில் தமிழ், மகனுக்கும் அதே மேஜை நாற்காலி என்று கணக்குப் போட்டிருந்தவர். "மேடை ஓரத்துல நிக்கறதெல்லாம் ஒரு உத்தியோகமாடா?" என்பார். நான் மேடை ஓரத்தில் சும்மா நிற்கவில்லை என்பதை அவருக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை. திவ்யாவுக்காவது முயற்சி செய்கிறேன்.

கச்சேரியில் ஜனங்களுக்குக் கேட்கும் ஒலியைக் கலப்பவர் ஒருவர். அவர் கூட்டத்துக்கு நடுவே பந்தலுக்குள் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். வாசிப்பவர்களுக்குக் கேட்கும் ஒலியைக் கலப்பவன் இன்னொருவன். அது நான். பாடுபவரின் காலடியில் சாய்வாக ஒரு பெட்டி இருக்குமே, அதுதான் மானிட்டர். அதில் அவருடைய குரல் எவ்வளவு, டிரம்ஸ் எவ்வளவு, கீபோர்டு எவ்வளவு என்று தீர்மானிப்பது என் வேலை. சத்தத்துக்கு நடுவே பேச முடியாது, எல்லாம் சைகைதான். விரலை மேலே காட்டினால் ஏற்று, கீழே காட்டினால் இறக்கு. நான் கட்டைவிரலைத் தூக்கினால் "தயார்", கவிழ்த்தால் "இன்னும் இல்லை". எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கெட்டால் மேடையே சேர்ந்து முறைக்கும்.

ஒருவர் தன் பெட்டியில் எதைக் கேட்கிறார் என்பதை வைத்தே ஆளை எடை போட்டுவிடலாம். நீலசந்திராவில் பிள்ளையார் பண்டிகை ஆர்கெஸ்ட்ரா ஒன்று. ஆண் பாடகர், "லேடி வாய்ஸே என் பெட்டியில வரக்கூடாது" என்றார். அந்த அம்மா, "எனக்கு என் வாய்ஸ் மட்டும் போதும், மத்தவங்க இருந்தா என்ன இல்லாட்டி என்ன" என்றார். டோலக் வாசித்தவர் மட்டும், "எல்லாரையும் குடுப்பா, எல்லாரையும் கேட்டாதான் நான் வாசிப்பேன்" என்றார். அன்றைக்கு ஜனங்கள் கடைசிவரை எழுந்து போகாமல் இருந்ததற்குக் காரணம் அந்த டோலக்காரர்தான் என்று இன்றும் சொல்வேன்.

எனக்கு வேலை கற்றுத் தந்தவர் எங்கள் முதலாளி கிருஷ்ணப்பா சார். ஹாசன் பக்கத்துக் கன்னடக்காரர். நீலசந்திராவில் கோடவுன் வைத்திருந்ததால், பெட்டி தூக்கும் ஆட்களிடம் தமிழ் கற்றுக்கொண்டார். அதனால் அவர் தமிழில் மரியாதைக்கு இடம் கொஞ்சம் குறைவு. முதல் வருஷம் என்னை கேபிள் சுற்றவிட்டார். இரண்டாம் வருஷமும் கேபிள்தான். முறுக்கு விழாமல் ஒரு சுற்று உள்ளே, ஒரு சுற்று வெளியே. என் படிப்பு முழுக்க அந்த இரண்டு சுற்றில் அடங்கிவிட்டது.

கத்த மாட்டார். கோபம் வந்தால் குரலை இறக்கி, "ஏனு சேகரு, ஊட்டா ஆய்தா?" என்பார். சாப்பிட்டாயா என்று அர்த்தம். வேறு யார் கேட்டாலும் அன்பு. அவர் கேட்டால் எதைக் கெடுத்துவைத்தோம் என்று தேட ஓடுவோம்.

முன்னாளில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரிகல் பிரிவில் இருந்தவர். எந்நேரமும் ரப்பர் செருப்புதான். கிடார் வாசித்துக்கொண்டே பாடுபவர்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. எர்த் சரியில்லையென்றால் கை கம்பியில் இருக்கும்போது உதடு மைக்கில் பட்டதும் சுளீரென்று ஷாக் அடிக்கும். அதனால் ஒவ்வொரு கச்சேரிக்கு முன்பும் கிருஷ்ணப்பா சார் ஒரு கையால் கிடார் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் புறங்கையால் மைக்கைத் தொட்டுப் பார்ப்பார். புறங்கை ஏன் என்றால், ஷாக் அடித்தால் கை தானாக விலகும், பிடித்துக்கொள்ளாது. மீட்டர் வைத்துப் பார்த்த பிறகும் இதைச் செய்வார். "மீட்டருக்கு உதடு இல்லே, குரு" என்பார். பெங்களூர்க் கன்னடத்தில் குரு என்றால் நம்ம மச்சான் மாதிரி.

அவரிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று, கலைஞர்களிடம் நாம் எதையும் கேட்கக் கூடாது. "அவங்க கேக்கணும், நாம குடுக்கணும். இந்தப் பாட்டு பாடுங்க, அந்தப் பாட்டு பாடுங்கன்னு கேக்கறது டிக்கெட் வாங்கினவன் வேலே." இரண்டாவது, ஏதாவது கெட்டால் மறைக்கக் கூடாது. "ரெடின்னா ரெடி. இல்லேன்னா இல்லே. நடுவுலே ஒண்ணும் இல்லே."

இவ்வளவு கறாரான மனுஷருக்கு ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. லண்டனைச் சேர்ந்த ஒரு பேண்டு. பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அவர்களுடைய ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். ஆரம்பத்தில் அவர்கள் வாசித்தது ஜாஸ்-ஃபங்க். ஜாஸின் கணக்கும், காலைச் சும்மா இருக்கவிடாத தாளமும் கலந்த சரக்கு. பேஸ் கிடாரைக் கட்டைவிரலால் அறைந்து வாசிப்பார்கள். பாட்டு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. அவர்களுடைய முதல் இசைத்தட்டின் பின்பக்கம் முழுவதையும் ஒரே ஒரு உருப்படி அடைத்துக்கொண்டிருக்கும், வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. தொழிற்சாலை நண்பர் ஒருவர் சீமையிலிருந்து வாங்கி வந்த அந்தத் தட்டைக் கேட்டுத்தான் கிருஷ்ணப்பா சார் வேலையை விட்டுவிட்டு ஸ்பீக்கர் வாங்கினார். கோடவுனில் நாங்கள் அதை "ரெண்டாம் பக்கம்" என்போம். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் ஊதுவத்தி, அப்புறம் ரெண்டாம் பக்கம். அதை நேரில், மேடையில் ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. வேறு எதற்கும் அவர் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அந்த பேண்டு இதற்குள் மாறிவிட்டிருந்தது. பேஸ் வாசிப்பவரே பாட ஆரம்பித்தார். பாட்டுகள் சுருங்கின. கீபோர்டு பளபளத்தது, சட்டையும் பளபளத்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஏரியாவுக்கு கேபிள் டிவி வந்தபோது அவர்கள் பெரிய ஸ்டார்கள். காதல், பிரிவு, மழை, ஜன்னல் என்று வீட்டுக்கு வீடு அவர்கள் பாட்டுதான். பெங்களூரில் பழைய ரசிகர்களுக்கு வயிற்றெரிச்சல். பிரிகேட் ரோடு பக்கம் டீ குடிக்கும் இடத்திலெல்லாம், "வித்துட்டாங்க மச்சான், தங்களையே வித்துட்டாங்க" என்று துக்கம் விசாரித்துக்கொண்டார்கள். கிருஷ்ணப்பா சார், "நான் அந்த ஹொஸா பாட்டெல்லாம் கேக்கறதே இல்லே" என்று புதுப் பாட்டுகளை ஒதுக்கிவிட்டார்.

எனக்கோ அந்தப் புதுப் பாட்டுகள் பிடித்திருந்தன. சாரிடம் சொல்லியும் இருக்கிறேன், ஊட்டா ஆய்தாவும் வாங்கியிருக்கிறேன். நிறைய வாசிக்கத் தெரியாதவன் குறைவாக வாசிப்பதில் என்ன இருக்கிறது? விரலில் ஆயிரம் வித்தை வைத்துக்கொண்டு, பாட்டுக்கு இது போதும் என்று நாலு ஸ்வரத்தோடு நிறுத்திக்கொள்பவன்தான் கெட்டிக்காரன். எங்கள் சித்தப்பா ஒரு கல்யாணத்தில் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்தார் என்றால் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார் என்று எங்கள் குடும்பத்துக்குத்தான் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த பேண்டு பெங்களூர் வந்தது. அரண்மனை மைதானத்தில் மேடை. சவுண்ட் எங்கள் கம்பெனி. செய்தி வந்த அன்று கிருஷ்ணப்பா சார் கோடவுனுக்கு இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார்.

கச்சேரி அன்று மத்தியானம் ஒத்திகை. பாடும் பேஸ்காரர் ஆறடிக்கு மேல் இருந்தார், அதனால் எங்களுக்குள் நெட்டையர். ஒவ்வொருவரிடமும் போய், பெட்டியில் என்ன வேண்டும் என்று கேட்டேன். அவர்களோடு ஒரு டேப் மெஷினும் வந்திருந்தது. கோரஸ் குரல்கள், டிரம்பெட், கைதட்டல் என்று ரெக்கார்டில் இருக்கிற பளபளப்பு முழுக்க அந்த டேப்பில்தான். டேப்போடு சேர்ந்து போக வேண்டுமே என்று டிரம்மர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்வார். அதில் டிக் டிக் என்று ஓடிக்கொண்டே இருக்கும். "எனக்கு டிக் டிக் மட்டும் போதும்" என்றார் அவர், கடனே என்று. நெட்டையர், "என் குரல், டேப், கொஞ்சம் டிரம்ஸ்" என்றார்.

"உங்கள் பேஸ்?" என்று கேட்டேன்.

"அது எதற்கு? இப்போதெல்லாம் நான் வாசிப்பதில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில் சாரின் முதல் சட்டத்தை மீறினேன். எங்கள் முதலாளி இப்படி இப்படி, தினமும் காலையில் ரெண்டாம் பக்கம், இன்று அதை வாசிப்பீர்களா என்று கேட்டுவிட்டேன்.

நெட்டையர் ஆச்சரியமாகப் பார்த்தார். "அதையா? பாதி மறந்தே போய்விட்டது. நாங்கள் அதை வாசித்த காலத்தில் கேட்க வருவதெல்லாம் ஆம்பிளைகள்தான். கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சை ஹாலில் சூப்பர்வைசர் மாதிரி நிற்பார்கள். ஒருத்தர் கால் அசையாது. ஒரு நாள் நடுவில் சும்மா இரண்டு வரி பாடினேன். பின்னால் ஒரு பெண் ஆடினாள். மறுநாள் நாலு வரி பாடினேன். அப்படித்தான் இங்கே வந்து நிற்கிறேன்."

பேண்டின் மேனேஜர் ஹெலன் என்ற அம்மா பக்கத்தில் இருந்தார். "பாட்டு வரிசை டேப்பில் இருக்கிறபடிதான். மாற்ற முடியாது" என்று முடித்துவிட்டார். நான் கேட்டது சாருக்குத் தெரியக் கூடாதே என்று பார்த்தால், மைக்கைப் புறங்கையால் தொட்டபடி பின்னாலேயே நிற்கிறார். முகம் ஒரு சுற்று சிறுத்துவிட்டது. ஊட்டா ஆய்தா என்றுகூடக் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

சாயங்காலம் நம்ம ஊர் வழக்கப்படி மழை ஒரு சாத்து சாத்திவிட்டு நின்றது. ஜனங்கள் ஈரப்புல்லில் நிறைந்தார்கள். முன்னால் ஹிட் பாட்டுக்காக வந்த இளவட்டம். பின்னால் பழைய ரசிகர்கள், நெட்டையர் சொன்ன மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு. கச்சேரி அமர்க்களமாக ஆரம்பித்தது. ரெக்கார்டில் கேட்பது போலவே, இம்மி பிசகவில்லை.

பாதிக் கச்சேரியில், ஒரு பாட்டு முடிந்து அடுத்ததற்கு டேப் ஓட வேண்டும். ஓடவில்லை. மெஷின் டேப்பைத் தின்றுவிட்டது.

மாற்று டேப்பும் இருந்தது, மாற்று மெஷினும் இருந்தது. ஆனால் அந்த மாற்று மெஷினைச் சீமைச் சரக்கு, தூசி படக் கூடாது, சூடு ஆகாது என்று கிருஷ்ணப்பா சார்தான் கம்பளி போர்த்தி ஏசி காரில் வைத்திருந்தார், தலை தீபாவளி மாப்பிள்ளையைப் போல. அதைத் தூக்கிக்கொண்டு வந்து மழைக்காற்றில் வைத்ததும், பிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் போல வேர்த்துவிட்டது. உள்ளே ஈரம் இருந்தால் அந்த மாதிரி மெஷின் ஓடாது. சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஈரம் காய்ந்து விளக்கு தானாக அணையும்வரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

ஹெலன் தன்னுடைய ஹேர் டிரையரை ஓடிப்போய் எடுத்துவந்தார். கிருஷ்ணப்பா சார் என் மேஜைக்குப் பக்கத்தில் மேடைக்கு முதுகைக் காட்டிக் குத்தவைத்து உட்கார்ந்து, தள்ளிப் பிடித்து இதமாகக் காற்றடித்தார். கூட்டம் விசில் அடித்தது. நெட்டையர் என்னைப் பார்த்தார். நான் கட்டைவிரலைக் கவிழ்த்தேன்.

அவர் டிரம்மரிடம் போய் ஏதோ சொன்னார். டிரம்மர் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டினார். கழுத்தை இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை திருப்பிக்கொண்டார். நெட்டையர் கட்டைவிரலால் கம்பியை அறைந்தார்.

முதல் அடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. காலையில் ஷட்டர் தூக்கும் நேரத்து அடி.

சாரின் தோளைத் தட்டினேன். எரிச்சலோடு திரும்பினார், அப்புறம் புரிந்துகொண்டு அப்படியே எழுந்து நின்றுவிட்டார். காதருகே டிரையர் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. அதை அணைத்திருந்தால் நன்றாகவே கேட்டிருக்கும். அவர் அணைக்கவில்லை. திரும்பவும் மெஷின் பக்கம் குனிந்து காற்றடித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை காலம் காத்திருந்த மனுஷர், காத்திருந்தது நாலடியில் நடக்கிறது, இவர் விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

விளக்கு அணைந்தது. சார் டிரையரை நிறுத்தினார். டேப்பைப் போட்டு ஓட்டிப் பார்த்து நிறுத்தினார். தயார். என் கை மேலே போகப் பார்த்தது. பழக்கம்.

கிருஷ்ணப்பா சார் என் கட்டைவிரலைக் கப்பென்று பிடித்தார். பிடித்து, முழு முஷ்டிக்குள் வைத்து இறுக்கிக்கொண்டார். என்னைப் பார்க்கவே இல்லை. மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரெக்கார்டில் இருப்பது போல இல்லை. நிஜமாகவே பாதியை மறந்திருந்தார்கள். கீபோர்டுக்காரர் ஒரு பக்கம் போக, மற்றவர்கள் இன்னொரு பக்கம் போக, கிடார்காரர் சிரித்துக்கொண்டே எல்லோரையும் இழுத்துப் பிடித்தார். நெட்டையர் என்னைப் பார்த்து பேஸைத் தொட்டுக் காட்டினார், விரலை மேலே காட்டினார். ஏற்று. இன்னும் ஏற்று. வலது கை சாரிடம் மாட்டிக்கொண்டிருந்ததால் இடது கையால் ஏற்றினேன். முன்வரிசை இளவட்டம் முதலில் திருதிருவென்று முழித்தது. அப்புறம் மஞ்சள் துப்பட்டா போட்ட ஒரு பெண் ஆட ஆரம்பித்தாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள். அப்புறம் அந்தப் பகுதியே. ஒரு வார்த்தை இல்லாத உருப்படிக்கு ஆடுகிறார்கள்! நெட்டையர் அவர்களைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. பின்னால் கையைக் கட்டியவர்களும் கட்டை அவிழ்த்துவிட்டிருந்தார்கள்.

ஹெலன் ஓடி வந்தார். "ரெடியா?"

சார் நகர்ந்து, மெஷின் விளக்கு அணைந்திருப்பது அந்த அம்மாவின் கண்ணில் படாதபடி மறைத்துக்கொண்டு நின்றார். நடுவில் ஒன்றும் இல்லை என்று எங்களுக்கு அத்தனை வருஷம் பாடம் எடுத்தவர், "ஸ்வல்ப, மேடம். ஸ்வல்ப அட்ஜஸ்ட்" என்றார்.

கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிற அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் இந்த ஊரில் அப்பீல் கிடையாது என்பது அந்த அம்மாவுக்கு எப்படியோ புரிந்திருக்க வேண்டும். கையை விரித்துவிட்டுப் போய்விட்டார்.

உருப்படி முடியப்போகிறது என்று நினைத்தால் நெட்டையர் இன்னொரு சுற்று எடுத்தார். அது முடிந்து இன்னொன்று. கடைசியில் டிரம்மர் கைதட்டலில் முங்கிப்போகிற மாதிரி ஒரு அடி அடித்து நிறுத்தினார். சார் முஷ்டியைத் திறந்தார். நான் கட்டைவிரலைத் தூக்கினேன்.

டேப் ஓடியது. அவர்களுடைய மிகப் பெரிய ஹிட். மைதானமே பாடியது. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ தடவை கேட்ட பாட்டுதான், அன்றைக்குப்போல நான் கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தால், புதுப் பாட்டைக் காதால்கூடக் கேட்காத கிருஷ்ணப்பா சாரின் உதடு அசைந்துகொண்டிருக்கிறது. சரணம் உட்பட ஒரு வார்த்தை விடவில்லை. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "பரவாலே, குரு. பாட்டும் பரவாலே" என்றார்.

எல்லாம் முடிந்து நான் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தபோது நெட்டையர் தோளில் துண்டோடு வந்தார். அந்த மெஷின் முன்னால் நின்று அணைந்திருந்த சிவப்பு விளக்கை விரலால் தட்டினார்.

"நான் நின்ற இடத்திலிருந்து இது நன்றாகத் தெரியும். நாங்கள் முதல் சுற்றே முடிக்கவில்லை, அதற்குள் அணைந்துவிட்டது" என்றார். "அப்புறம் நான் கூட்டத்தைப் பார்த்தேன் என்றா நினைத்தாய்? பாதி நேரம் உன் கையைத்தான் பார்த்தேன். எங்கே கட்டைவிரலைத் தூக்கித் தொலைத்துவிடுவாயோ என்று பயந்துகொண்டே வாசித்தேன்."

ஆக, திவ்யா, அத்தனை வருஷம் என்ன செய்தேன் என்றால், கேட்டதை ஏற்றினேன், கேட்டதை இறக்கினேன். ஒரு நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தேன்.

திரும்பும்போது லாரியில் சாரிடம் நெட்டையர் சொன்னதைச் சொன்னேன். அவர் என் வலது கையை எடுத்து, தெருவிளக்கு வந்து வந்து போகும் வெளிச்சத்தில் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வலிச்சுதா?"

"இல்ல சார்."

"பொய் சொல்லாதே, சேகரு" என்றார். "நான் புடிச்ச புடி எனக்குத் தெரியும்."